சிறு நிறுவனத்தில் தினசரி எடுபிடி வேலைகளை ஆட்டோமேட் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிறு நிறுவனம் நடத்துபவரிடம் நேரமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால், தொழிலில் போகிறது என்பார். கூடவே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. வாடிக்கையாளர் அனுப்பிய செய்தியிலிருந்து பெயரையும் எண்ணையும் எடுத்து ஷீட்டில் ஒட்டுகிறார். அதே பெயரைப் பில்லில் மறுபடி அடிக்கிறார். போன வாரம் அனுப்பிய கொட்டேஷனுக்குப் பதில் வந்ததா என்று மெயிலில் தேடுகிறார். பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறார், வராதவருக்கு நினைவூட்டுகிறார். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஒரு நாளைக்கு எட்டு முறை, மாதம் 25 வேலை நாள் என்று போட்டால் 1000 நிமிடம். மாதத்தில் முழுசாக இரண்டு வேலை நாள் இப்படியே கரைகிறது.

இந்த வேலைகள் எதிலும் யோசனை கிடையாது. ஓர் இடத்தில் இருக்கும் தகவலை இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போவது மட்டுமே. வொர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன் என்று பெரிய பெயரில் விற்கப்படுவதும், அடிப்படையில் இந்தச் சுமக்கும் வேலையை மென்பொருளிடம் கொடுப்பதுதான். முடிவெடுக்கும் வேலை உங்களிடமே இருக்கட்டும். விலை சொல்வது, தள்ளுபடி கொடுப்பது, கோபமாக இருப்பவருக்குப் பதில் எழுதுவது இவற்றையெல்லாம் சேர்த்துக் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: அலுவலகங்களுக்குப் பிரிண்டர், கணினி பழுதுபார்த்துத் தரும், மூன்று பேர் வேலை செய்யும் நிறுவனம். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். என்கொயரி, கொட்டேஷன், வேலை, பில், வசூல் என்ற வரிசை அவ்வளவாக மாறாது.

படி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எந்த மென்பொருளையும் திறக்கும் முன்பு ஒரு நோட்டு எடுங்கள். ஒரு வாரம், நீங்களும் உடன் வேலை செய்பவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுத வேண்டும். என்ன வேலை, தகவல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எத்தனை நிமிடம், நடுவில் யோசிக்க வேண்டியிருந்ததா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘யோசித்தேன்’ என்று குறித்த வரிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மீதி இருப்பதில் அடிக்கடி நடப்பது, விதி தெளிவாக இருப்பது, தகவல் ஏற்கெனவே கணினியிலோ போனிலோ இருப்பது, தப்பானால் பெரிய சேதம் இல்லாதது என்ற நான்கும் பொருந்தும் வேலையை முதலில் எடுங்கள். நம்மை அதிகம் எரிச்சல்படுத்தும் வேலையை முதலில் பிடிக்கத் தோன்றும். மாதக் கடைசியில் ஒரு முறை பத்து நிமிடம் எரிச்சல் தரும் வேலை ஆண்டுக்கு இரண்டு மணி நேரம்தான். அதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து ஏதாவது கட்டுவது நஷ்டம்.

நம் உதாரணத்தில் நான்கும் பொருந்தும் வேலை, வரும் என்கொயரியைப் பதிவு செய்து, ‘கிடைத்தது’ என்று பதில் போட்டு, உரியவருக்குத் தெரிவிப்பது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த இடத்தில் நேரம் போவது செய்வதில் மட்டும் இல்லை, காத்திருப்பதில். செய்தி காலையில் வந்து, மாலையில்தான் யாரோ பார்க்கிறார்கள் என்றால் வாடிக்கையாளர் அதற்குள் வேறு இடம் போயிருப்பார்.

படி 2: ஓட்டத்தைத் தாளில் எழுதுங்கள்

ஒரு வேலை நடக்கும் படிகளின் வரிசைதான் ஓட்டம். அதை ‘இது நடந்தால், இதைச் செய்’ என்ற வடிவில் எழுதுங்கள். ‘புதிய என்கொயரி வந்தால் வேலை எண் கொடு. பெயர், எண், இயந்திரத்தின் மாடல், பிரச்சினை இவற்றை ஷீட்டில் எழுது. வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பு. தொழில்நுட்பம் பார்ப்பவருக்குச் சொல்.’ நேர் பாதை இவ்வளவுதான், இதை எழுத இரண்டு நிமிடம் போதும்.

அப்புறம் விலகல்களை எழுதுங்கள். வேலை இங்கேதான் இருக்கிறது. ஒரே ஆள் ஒரே பிரச்சினைக்கு இரண்டு முறை எழுதினால்? போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால்? நாம் பார்க்காத வகை இயந்திரம் என்றால்? என்கொயரி என்று நினைத்தது விளம்பர மெயில் என்றால்? கடந்த மாதம் வந்த பத்துப் பழைய என்கொயரிகளை எடுத்து, தாளில் எழுதிய விதிகளின்படி ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். எங்கே ‘இது கொஞ்சம் வேற மாதிரி’ என்று நிற்கிறீர்களோ அங்கே ஒரு விதி குறைகிறது, அல்லது அந்த இடத்தில் ஓர் ஆள் தேவைப்படுகிறார். இரண்டில் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றும் நடக்கும். சில வேலைகள் தேவையே இல்லை என்று தெரியவரும். ஒரே தகவலை ஷீட்டிலும் நோட்டிலும் எழுதிக்கொண்டிருப்பீர்கள், நோட்டை யாரும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். தேவையில்லாத வேலையை ஆட்டோமேட் செய்யாதீர்கள், நிறுத்திவிடுங்கள். செலவே இல்லாத மிச்சம் அது.

படி 3: தகவலுக்கு ஒரே இடம்

ஆட்டோமேஷன் பாதியில் கவிழ்வதற்குக் கருவியைவிடத் தகவல்தான் அடிக்கடி காரணமாகிறது. வாடிக்கையாளர் விவரம் ஒருவர் போனிலும் இன்னொருவர் மெயிலிலும் இருந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கூகுள் ஷீட் போதும். ஒரு வேலைக்கு ஒரு வரிசை, அந்த வேலையைப் பற்றிய எல்லாம் அந்த வரிசையில்.

ஷீட்டை அமைக்கும்போது சில விஷயங்களில் கறாராக இருங்கள்.

வேலை எண் கட்டாயம். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் இருவர் வரும் நாளில் பில் மாறிப்போகும்.

நிலவரம் என்று ஒரு நெடுவரிசை வைத்து, அதில் கீழிறங்கும் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்வு செய்யும்படி பூட்டுங்கள்: புதியது, கொட்டேஷன் போனது, உறுதி, வேலை முடிந்தது, பில் போனது, பணம் வந்தது. ஆளுக்கொரு விதமாக ‘முடிஞ்சது’, ‘ஓகே’, ‘முடிந்தது!’ என்று அடிக்க விட்டால், ‘முடிந்தது என்றால் பில் அனுப்பு’ என்ற விதி மூன்றில் ஒன்றைத்தான் பிடிக்கும்.

தேதியை 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வையுங்கள். 03/04 என்று எழுதினால் ஒரு மென்பொருள் ஏப்ரல் 3 என்று படிக்கும், இன்னொன்று மார்ச் 4 என்று படிக்கும். இரண்டும் எந்த எச்சரிக்கையும் தராது. மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் தப்பு வரும், 13க்குப் பிறகு சரியாகிவிடும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது எரிச்சலான வேலை.

போன் எண் நெடுவரிசையைச் சாதாரண எழுத்தாக அமைத்துவிடுங்கள். எண்ணாக விட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை ஷீட் விழுங்கிவிடும். நாட்டுக் குறியீட்டுடன் ஒரே வடிவில் சேமியுங்கள். உலகத் தரத்தின்படி நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம், அதற்கு மேல் இருந்தால் அது போன் எண் இல்லை என்று தைரியமாக ஒதுக்கலாம். எக்ஸெல் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: எண்ணாக அடிக்கும் எதிலும் 15 இலக்கம் வரைதான் அது துல்லியமாக வைத்திருக்கும். 16ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். நீளமான சீரியல் எண்கள், கணக்கு எண்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் கெடுகின்றன.

ஓட்டம் ஓட ஆரம்பித்த பிறகு நெடுவரிசைத் தலைப்புகளை மாற்றக்கூடாது. பல கருவிகள் தலைப்பை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. யாரோ அழகுக்காக ‘எண்’ என்பதை ‘போன் எண்’ என்று மாற்றினால் அன்றிலிருந்து அந்தக் கட்டம் காலியாக வரும்.

படி 4: கருவியைத் தேர்ந்தெடுப்பது

புதிதாக எதையும் வாங்கும் முன்பு, கையில் இருப்பதைத் தோண்டிப் பாருங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வரவேற்புச் செய்தி, வேலை நேரம் முடிந்த பிறகு தானாகப் போகும் பதில், அடிக்கடி அனுப்பும் வாக்கியங்களுக்கான குறுக்குவழி, வாடிக்கையாளரை வகைப்படுத்தும் லேபிள் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. ஜிமெயிலில் ஃபில்டர், டெம்ப்ளேட் உண்டு. நீங்கள் பில் போடும் மென்பொருளில் மாதாந்திர பில்லும் கட்டண நினைவூட்டலும் அமைப்புகளுக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கலாம். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

அது போதாதபோதுதான் இணைப்புக் கருவிகள். 2011இல் தொடங்கிய ஜேப்பியர், 2022 வரை இன்டக்ரோமேட் என்ற பெயரில் இருந்த மேக், மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட், சொந்தச் சர்வரிலும் ஓட்டிக்கொள்ள முடிகிற என்எய்ட்என் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்று: ஏதோ ஒன்று நடக்கிறது, அதற்கு டிரிகர் என்று பெயர். அதைத் தொடர்ந்து ஒன்றிரண்டு செயல்கள் நடக்கின்றன. முதல் முறை செய்பவருக்கு ஜேப்பியர் எளிது. கிளை கிளையாகப் பிரியும் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்துக் கட்ட மேக் வசதி. அலுவலகமே மைக்ரோசாஃப்டில் இருந்தால் பவர் ஆட்டோமேட்டைத் தாண்டிப் போகத் தேவையில்லை. சொந்தச் சர்வரில் என்எய்ட்என் வைத்தால், எத்தனை முறை ஓடியது என்று எண்ணி வாங்கும் கட்டணம் மிச்சம். ஆனால் அப்டேட், பேக்கப், சர்வர் விழுந்தால் எழுப்புவது எல்லாம் உங்கள் தலையில். மூன்று பேர் நிறுவனத்தில் அந்தத் தலை யாருடையது என்று முடிவு செய்துவிட்டு இறங்குங்கள்.

கட்டணத்தை ஒப்பிடும்போது மாத விலையை மட்டும் பார்க்காதீர்கள், அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். ஜேப்பியரில் டிரிகருக்கு எண்ணிக்கை கிடையாது, வெற்றிகரமாக நடந்த ஒவ்வொரு செயலும் ஓர் எண்ணிக்கை. என்எய்ட்என்னின் கிளவுட் சேவையில் ஓட்டம் முழுவதும் ஒரு முறை ஓடினால் ஓர் எண்ணிக்கை. ஒரு டிரிகர், நான்கு செயல், மாதம் 300 என்கொயரி என்று வைத்தால் முதல் கணக்கில் 1200, இரண்டாவதில் 300. நீளமான ஓட்டம் கட்டப்போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

வேகத்தையும் கேளுங்கள். சில இணைப்புகள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை போய் ‘புதிதாக ஏதாவது உண்டா’ என்று விசாரிக்கும். மலிவான திட்டங்களில் இந்த இடைவெளி பல நிமிடங்கள் இருக்கும். வெப்ஹூக் முறையில் அந்தப் பக்கமே உடனே தட்டிச் சொல்லும். மாதக் கணக்குக்கு முதல் வகை போதும். என்கொயரிக்கு இரண்டாவதுதான் நல்லது.

பணமே செலவழிக்க வேண்டாம் என்றால் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவுக்குள் இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் சில வரிகள் எழுத வேண்டும், இன்று ஏஐ உதவியாளரிடம் தாளில் எழுதிய விதிகளைக் கொடுத்தால் அதுவே எழுதித் தரும். நகல் ஷீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு உண்மையானதில் வையுங்கள். அதன் வரம்புகள் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு முறை ஓடினால் 6 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மெயில் போகும்.

படி 5: முதல் ஓட்டத்தைக் கட்டுதல்

என்கொயரி ஓட்டத்தைக் கட்டுவோம். வாசல் ஒரு கூகுள் ஃபார்ம். கேள்விகள் ஐந்தாறு போதும்: பெயர், போன் எண், மெயில், இயந்திரத்தின் மாடல், என்ன பிரச்சினை, எப்போது வரலாம். மாடலைத் தேர்வுப் பட்டியலாக வையுங்கள், கடைசியில் ‘வேறு’ என்று ஒன்று. ஃபார்ம் நீண்டால் ஆட்கள் பாதியில் போய்விடுவார்கள், நீங்கள் மறுபடி போனில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபார்ம் பதில்கள் விழும் ஷீட்டைத் தொடாதீர்கள். அதில் வரிசையை மாற்றுவது, நடுவில் நெடுவரிசை சேர்ப்பது எதுவும் வேண்டாம். அது பதிவேடு. வேலை பார்ப்பதற்கு இன்னொரு ஷீட் வைத்து, அங்கே தகவலைக் கொண்டுபோவது ஓட்டத்தின் முதல் வேலை.

டிரிகர்: புதிய ஃபார்ம் பதில். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் என்றால் இடப்பக்கம் கடிகாரப் படம் இருக்கும் இடத்தில் போய், ஃபார்ம் சமர்ப்பிக்கப்படும்போது ஓட வேண்டும் என்று அமைக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: டிரிகரை யார் கணக்கிலிருந்து அமைத்தீர்களோ அந்தக் கணக்கின் பெயரில்தான் அது ஓடும், மெயிலும் அங்கிருந்துதான் போகும். எனவே தனிப்பட்ட கணக்கில் அமைக்காமல் நிறுவனத்தின் பொதுக் கணக்கில் அமையுங்கள்.

அடுத்து சுத்தம் செய்தல். பெயருக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டு. போன் எண்ணில் உள்ள இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எல்லாம் எடுத்துவிட்டு நாட்டுக் குறியீடு சேர். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் அது பொய்யாகிவிடும்.

அடுத்த படி தேடல். இதே எண்ணில், முடியாத வேலை ஏதாவது ஷீட்டில் இருக்கிறதா? இருந்தால் புதிய வரிசை வேண்டாம், பழைய வரிசையின் குறிப்பில் சேர்த்துவிட்டு ‘இந்த வாடிக்கையாளர் மறுபடி எழுதியிருக்கிறார்’ என்று உள்ளுக்குள் சொன்னால் போதும். பலர் இந்தத் தேடலை விட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தும் ஒருவருக்கு இரண்டு வேலை எண், இரண்டு மெயில், கடைசியில் இரண்டு பேர் அவர் வாசலில்.

இல்லையென்றால் புதிய வேலை எண், புதிய வரிசை, நிலவரம் ‘புதியது’.

பிறகு வாடிக்கையாளருக்குப் பதில். இதன் வாசகத்துக்கு நேரம் செலவழியுங்கள். தானாகப் போகும் பதில் என்பதை மறைக்க வேண்டாம். ‘உங்கள் என்கொயரி கிடைத்தது. வேலை எண் 1042. எங்கள் ஆள் இன்று மாலை 5 மணிக்குள் அழைப்பார். நீங்கள் கொடுத்த விவரத்தில் ஏதாவது தப்பு இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.’ அவ்வளவுதான். காப்பாற்ற முடிகிற நேரத்தை மட்டும் சொல்லுங்கள். மாலை 4:50க்கு எழுதியவருக்கும் ‘இன்று மாலை 5 மணிக்குள்’ என்று போகாமலிருக்க, மதியம் 3 மணிக்குப் பிறகு வந்தால் ‘அடுத்த வேலை நாள்’ என்று ஒரு கிளை போடுங்கள். கருவியின் நேர மண்டலம் உங்கள் ஊர் நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல கருவிகளில் ஆரம்பத்தில் வேறு ஏதோ இருக்கும்.

கடைசியாக உள் தகவல். குழுவுக்குப் போகும் செய்தியில் வாடிக்கையாளர் பெயர், மாடல், பிரச்சினை, தொட்டால் அழைக்கும் போன் எண், ஷீட்டின் அந்த வரிசைக்கு இணைப்பு இவை இருக்கட்டும். ‘புதிய என்கொயரி வந்துள்ளது’ என்று மட்டும் வந்தால் எல்லோரும் ஷீட்டைத் திறந்து தேட வேண்டும். மிச்சப்படுத்திய ஐந்து நிமிடம் இங்கே திரும்பப் போய்விடும்.

விலை சொல்லும் படி இந்த ஓட்டத்தில் இல்லை. அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

படி 6: நினைவூட்டல்கள்

உண்மையான பணம் இங்கேதான் இருக்கிறது. கொட்டேஷன் அனுப்பிவிட்டு மறந்துபோவதும், பில் அனுப்பிவிட்டுக் கேட்கக் கூச்சப்படுவதும் சிறு நிறுவனங்களின் பொது வியாதி. மென்பொருளுக்குக் கூச்சம் கிடையாது.

இந்த வகை ஓட்டத்துக்கு நேரம்தான் டிரிகர். தினமும் காலை 9 மணிக்கு ஷீட்டைப் படிக்க வேண்டும். நிலவரம் ‘கொட்டேஷன் போனது’ என்று மூன்று நாளாக நிற்கும் வேலைகளைப் பட்டியலிட்டு உங்களுக்கு ஒரே மெயிலாக அனுப்பட்டும். வாடிக்கையாளருக்கு நேராக அனுப்ப வேண்டாம். யாரை அழைப்பது, யாரை விடுவது என்பது உங்கள் முடிவு.

பில் நினைவூட்டலை நேராகவே அனுப்பலாம். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு ஒன்று, கெடு நாளில் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. அதற்கு மேல் இயந்திரம் பேசக்கூடாது, ஆள் போன் செய்ய வேண்டும். ஷீட்டில் இரண்டு நெடுவரிசை கூடுதலாகத் தேவை. ஒன்று, கடைசியாக நினைவூட்டிய தேதி. ஓட்டம் ஏதோ காரணத்தால் ஒரே நாளில் இரண்டு முறை ஓடினாலும் இரண்டு மெயில் போகாமல் இது காக்கும். இன்னொன்று, ‘நிறுத்து’ என்ற டிக் பெட்டி. செய்த வேலையில் குறை சொல்லிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கு ‘பணம் கட்டவும்’ என்று தானாக மெயில் போனால், அந்த உறவு அன்றோடு முடிந்தது.

பணம் வந்ததைத் தானாகப் பதிவு செய்ய, கட்டணச் சேவையின் வெப்ஹூக்கைப் பயன்படுத்தலாம். ஒரே பணம் பற்றிய தகவல் இரண்டு முறை வரக்கூடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஸ்ட்ரைப் போன்ற சேவைகள் இதைத் தங்கள் ஆவணங்களிலேயே சொல்கின்றன: உங்கள் பக்கம் பதில் தராவிட்டால் விடாமல் மறுபடி அனுப்பும், சில சமயம் ஒன்றையே இரண்டு தடவையும் அனுப்பும். ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் எதுவும் செய்யாதே என்று ஒரு விதி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பணத்துக்கு இரண்டு ரசீது.

அனுப்பும் வழியையும் கவனியுங்கள். வாட்ஸ்அப் பிசினஸின் ஏபிஐ வழியாக, அதாவது உங்கள் மென்பொருள் வாட்ஸ்அப்புடன் நேராகப் பேசும் இணைப்பு வழியாக அனுப்பினால், வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிய பிறகு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் செய்திகளை மட்டுமே அனுப்ப முடியும். இதைச் சுற்றிப் போகும் அதிகாரப்பூர்வமற்ற கருவிகள் நிறைய விற்கின்றன. நம்பர் முடங்கினால் தொழிலே முடங்கும் என்பவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சொந்த டொமைனிலிருந்து மெயில் அனுப்பினால், மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகளைச் சரிசெய்து வையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டன. இவை இல்லாத நினைவூட்டல் ஸ்பேமில் போய் விழும், நீங்களோ வாடிக்கையாளர் பதில் போடவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

படி 7: சோதனை, பிறகு பழையதை விடுதல்

முதலில் எல்லா மெயிலும் உங்களுக்கே வரும்படி வைத்து ஓட்டுங்கள். நல்ல தகவலைக் கொடுத்துச் சோதிப்பதில் பயன் குறைவு. காலியான கட்டம், எண்ணுக்குள் எழுத்து, ஒரு பக்க நீளத்துக்குப் புலம்பல், ஸ்மைலி போட்ட பெயர், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போன் எண் எல்லாம் கொடுத்துப் பாருங்கள். நிஜ வாடிக்கையாளர்கள் இதைவிட மோசமாகக் கொடுப்பார்கள்.

பிறகு இரண்டு வாரம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடட்டும். தினமும் மாலை இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால், அந்த இரண்டு வாரம் முடிந்த நாளில் பழைய நோட்டை மூடிவிட வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கையாலும் எழுதிக்கொண்டே இருக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே ஆட்டோமேஷன் கூடுதல் வேலையாகத்தான் சேர்கிறது.

படி 8: நின்றுபோனால் தெரிய வேண்டும்

சகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அப்படி நிற்கத் தெரியாத தறி, நூல் அறுந்தது தெரியாமல் ஓடி, பழுதான துணி மீட்டர் கணக்கில் விழும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்க ஆள் வேண்டும். நிற்கத் தெரிந்த தறி வந்ததும் ஒருவரால் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறைக்கு இந்த யோசனை ஒரு தூணாக நின்றது. தானாக ஓடும் எதற்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: நூல் அறுந்தால் இது நிற்குமா, நின்றால் எனக்குத் தெரியுமா?

நமக்கு இதன் பொருள் மூன்று ஏற்பாடுகள். ஏதாவது ஒரு படி தோற்றால் உடனே உங்களுக்குச் செய்தி வர வேண்டும், பெரும்பாலான கருவிகளில் இதற்கு வசதி உண்டு. அது மட்டும் போதாது. ஓட்டம் ஆரம்பிக்கவே இல்லை என்றால் தோல்வி என்று எதுவும் பதிவாகாது. அதனால் தினமும் ஒரு சிறு கணக்கு மெயில் வரட்டும்: நேற்று ஃபார்ம் பதில் 12, புதிய வரிசை 11, ஏற்கெனவே இருந்ததில் சேர்த்தது 1, போன மெயில் 11. எண்கள் இடிக்காமல் இருந்தால் நிம்மதி. பூஜ்யமாக இருந்தாலும் மெயில் வர வேண்டும். காலையில் அந்த மெயிலே வரவில்லை என்றால் ஏதோ அறுந்திருக்கிறது. மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தும் வழி. அது எங்கே இருக்கிறது என்று குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்குவர்த்தக நிறுவனத்தின் தானியங்கி மென்பொருள், எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் போடப்படாததால் தாறுமாறாக ஆர்டர் போட்டது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். நம் அளவு வேறுதான். ஆனால் ஒரே நினைவூட்டல் முந்நூறு பேருக்கு நிமிடத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டிருக்கும்போது பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சுழலில் மாட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். உங்கள் தானியங்கிப் பதிலுக்கு, விடுப்பில் இருக்கும் ஒருவரின் தானியங்கிப் பதில் வரும். மெயிலில் வருவதையும் என்கொயரியாக எடுக்கும்படி வைத்திருந்தால், அதை என்கொயரி என்று நினைத்து உங்கள் ஓட்டம் மறுபடி பதில் போடும். ஒரு முகவரிக்கு ஒரு நாளில் ஒரு தானியங்கிப் பதில்தான் என்று வரம்பு வைத்தால் இது அடங்கும்.

படி 9: சாவிகளும் ஆட்களும்

சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா இணைப்பும் நிறுவனத்தின் கணக்கில், இரண்டு கட்டச் சரிபார்ப்புடன். வேலையை விட்டுப் போகும் ஒருவரின் கணக்கை மூடியதும் பாதி ஓட்டம் நின்றுபோவது இதைச் செய்யாததால்தான். ஏபிஐ கீயை ஷீட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டு வைக்காதீர்கள், அது கடவுச்சொல்லுக்குச் சமம். ஷீட்டைப் படிக்க மட்டும் தேவைப்படும் கருவிக்கு எழுதும் அனுமதி கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அரைப் பக்கக் குறிப்பு: எது டிரிகர், என்ன செய்கிறது, எந்தக் கணக்கில், நின்றால் கையால் எப்படிச் செய்வது. கடைசி வரி இல்லாத குறிப்பு, இணையம் போகும் நாளில் உதவாது.

படி 10: ஏஐயை எங்கே நுழைப்பது

‘சார், அந்தப் பெரிய கறுப்புப் பிரிண்டர் மறுபடி பேப்பரைக் கடிக்குது, நாளைக்கு மதியம் வர முடியுமா’ என்று வரும் செய்தியிலிருந்து பிரச்சினையையும் நேரத்தையும் பிரித்தெடுத்து ஷீட்டில் போடுவதை விதி எழுதிச் செய்வது கடினம். ஏஐ இதை நன்றாகச் செய்கிறது. செய்தியில் இல்லாததை நிரப்பாதே, தெரியாவிட்டால் காலியாக விடு என்று கட்டளையில் சொல்ல வேண்டும். மூலச் செய்தியும் அதே வரிசையில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பதில் எழுதச் சொன்னால் வரைவாக மட்டும் வரட்டும், அனுப்பும் பொத்தானை ஆள் அழுத்தட்டும். விலையும் தேதியும் அது சொந்தமாகச் சொல்லிவிட்டால், வாடிக்கையாளர் கண்ணில் சொன்னது நீங்கள்தான்.

படி 11: கணக்குப் பாருங்கள்

கட்ட 12 மணி நேரம் ஆனது, பராமரிக்க மாதம் 1 மணி நேரம், மிச்சமாவது மாதம் 5 மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் செலவழித்த நேரம் திரும்பிவிடும். நான்காவது மாதத்திலிருந்து லாபம். கருவியின் கட்டணத்தை உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பால் வகுத்து அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டுக்குள் திரும்பாது என்று தெரிந்தால் கையாலேயே செய்துவிடுவது மேல், தொழிலும் விதிகளும் அதற்குள் மாறிவிடும்.

ஒன்று நன்றாக ஓடிய பிறகுதான் அடுத்தது. முதல் மாதத்திலேயே பத்து ஓட்டம் கட்டினால், எது எதைத் தூண்டுகிறது என்று கட்டியவருக்கே தெரியாது. என்கொயரி, அப்புறம் பில் நினைவூட்டல், அப்புறம் கொட்டேஷன் பட்டியல் என்ற வரிசை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஓட்டங்களின் பட்டியலையும் திறந்து பாருங்கள். யாரும் படிக்காத அறிக்கையை யாருக்கோ அனுப்பி, எண்ணிக்கையைத் தின்றுகொண்டிருக்கும் ஒன்றாவது அதில் இருக்கும். அதை நிறுத்தி வையுங்கள். இரண்டு வாரத்தில் ‘அந்த மெயில் ஏன் வரவில்லை’ என்று ஒருவரும் கேட்கவில்லை என்றால் அழித்துவிடலாம்.